மோட்டார் வாங்க முதல், பின் சொக்கைப் பாருங்கள்



கொலன்னாவையில் மழை விட்ட பின்னேரங்களில் பொடியன்மார் வெறுங்காணியில் ரிமோட் பகி ஓட்டுவதைக் கண்டிருப்பீர்கள். போன கிழமை என் மாணவன் ஒருவன், "சேர், வளைவுல பின்பக்கம் சுத்துது. வாப்பாட்ட சொல்லி பெரிய மோட்டார் வாங்கப் போறேன்" என்றான். வாப்பா முச்சக்கரவண்டி ஓட்டுபவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பிழை மோட்டாரில் இல்லை. பின் டயர் நிலத்தைப் பிடிக்கவில்லை. அதில் வேகத்தைக் கூட்டினால் இன்னும் சுற்றும். தமியா கம்பனி 1984இல் கிராஸ்ஹொப்பர், ஹோர்னட் என்று இரண்டு பகிகளை வெளியிட்டது. ஹோர்னட்டுக்குப் பெரிய மோட்டாரைக் கொடுத்தபோது, பின்பக்கத்துக்கு எண்ணெய் சொக்கையும் சேர்த்தே கொடுத்தது.

எங்கள் நிலமோ இன்று சேறு, நாளை புழுதி. மேடு பள்ளமான இளகிய மண்ணுக்கு மெதுவான பின் ஸ்பிரிங், மெல்லிய சிலிக்கன் எண்ணெய், சற்று உயரமான வண்டி. கார்பெட் போல நன்றாகப் பிடிக்கும் சமதரைக்கு இறுக்கமான ஸ்பிரிங், தடித்த எண்ணெய், தாழ்ந்த வண்டி. இல்லாவிட்டால் வளைவில் உருண்டுவிடும். வெயில் ஏற எண்ணெய் இளகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

செலவில்லாத சோதனை ஒன்று: வண்டியின் பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்திக் கைவிடுங்கள். அமுங்கி எழுந்து அப்படியே நின்றால் சரி. பந்து போலத் துள்ளினால் எண்ணெய் மெல்லிது.

அந்த மாணவன் உற்சாகத்தில் ஸ்பிரிங், எண்ணெய், உயரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டான். வண்டி திருந்தியது. "எதனால திருந்திச்சு?" என்று கேட்டேன். பதில் இல்லை. இப்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, கொப்பியில் எழுதுகிறான்.

"படிக்கிற வயசில் இது என்ன விளையாட்டு?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒன்று. ஸ்பிரிங் ஹூக்கின் விதி, எண்ணெய் பிசுக்குமை. உயர்தர பௌதிகவியலில் பிள்ளைகள் மனனம் செய்வது இதைத்தான். காரைப் பறிக்காதீர்கள். கேட்டவுடன் மோட்டாரும் வாங்கிக் கொடுக்காதீர்கள். "கொப்பியக் காட்டு மகன்" என்று கேளுங்கள். எழுதியிருந்தால், அடுத்து எதை வாங்குவது என்று அவனே சொல்வான். பல நேரம் எதுவுமே வாங்கத் தேவைப்படாது.