லயத்து வாசலில் கேத்திர கணிதம்

ஒரு வடிவத்தை அதன் நீளமும் கோணமும் மாறாதபடி இடம் பெயர்த்தல், ஒரு புள்ளியைப் பற்றிச் சுழற்றுதல், ஒரு கோட்டுக்கு அப்பால் தெறிக்கச் செய்தல் என்னும் மூன்று உருமாற்றங்களையும், கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதிய வரைவிலக்கணங்களாகவே நம் வித்தியார்த்திகள் மனனஞ்செய்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறார்கள் என்பதை மலையகப் பாடசாலைகளோடு பழக்கமுள்ள எவரும் மறுக்கமாட்டார். பிள்ளைகளின் மந்தபுத்தியே இதற்குக் காரணம் என்று சொல்வோரும் உளர். அசைவைப் பற்றிய ஒரு பாடத்தை அசையாத படங்களைக் கொண்டு கற்பிப்பதே காரணம் என்பது என் அபிப்பிராயம்.

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பகுதிகளில் இன்றும் எஞ்சி நிற்கும் பழைய லயங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடியான ஒரு காம்பராவை வரைந்து, அதையே ஒரே திசையில் ஒரே தூரம் மீண்டும் மீண்டும் நகர்த்தி, ஒரு தகரக் கூரையின்கீழ் நீட்டிவிட்ட வெள்ளைத் துரைமாரின் சிக்கனத்துக்குக் கேத்திர கணிதம் இட்டிருக்கும் பெயர் பெயர்ச்சி. மனிதர் குடியிருக்கும் இடத்தை அவ்வளவு மலிவாகப் பெருக்கியது கொடுமைதான். இதை வகுப்பறைக்குள் கொண்டுவருவது பிள்ளைகளுக்கு அவமானத்தை நினைவூட்டாதா என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். அந்தக் கூச்சத்தை அறிந்த ஆசிரியர்தான் இதைத் தொடவேண்டும். ஆனால் அடிகோலைப் பிடித்து அளந்து பார்க்கிற பிள்ளை தலைகுனிந்து நிற்பதில்லை.

பின்சுவரைப் பொதுவாகக் கொண்டு, முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயங்களில் இன்னும் சுவையான ஒரு விசாரணை காத்திருக்கிறது. முன்வரிசைக்கு எதிரே நின்று பார்க்கும்போது ஒரு காம்பராவின் கதவு இடப்புறத்தில் இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். லயத்தைச் சுற்றிப் போய், பின்வரிசையில் அதற்கு நேரான காம்பராவின் எதிரே நின்றால், அங்கே கதவு எப்புறம்? வலப்புறம் என்றால், அந்த வீடு பின்சுவரை அச்சாகக் கொண்டு தெறித்தது. இடப்புறமே என்றால், அது 180 பாகை சுழன்று வந்தது. இதற்காக எவர் வீட்டுக்குள்ளும் நுழையவேண்டியதில்லை. கண்டதைச் சதுரக்கோட்டுத் தாளில் வரைந்து, வகுப்புக்கு வந்து, தம் முடிவைப் பிறர் முன் நிரூபிக்கவேண்டும். நடந்து பார்த்து ஒரு பிள்ளை சொல்லும் விடையை எந்தப் பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் தேடி எழுதிவிட முடியாது.

வகுப்பறைக்குள் செய்வதற்கு வேண்டிய உபகரணங்களோ மிகச் சில: பென்சில், மெல்லிய தாள், குண்டூசி. ஒரு சிக்குக் கோலத்தைத் தரையில் போடச்சொல்லி, அதன் படியை மெல்லிய தாளில் எடுத்து, மையப் புள்ளியில் ஊசியை ஊன்றிக் கால்வட்டம் திருப்பினால், சில கோலங்கள் தம்மோடு தாமே பொருந்திவிடும். அதே தாளை நடுவில் மடித்தால் பொருந்தாமற்போவனவும் அவற்றுள் உண்டு. சுழற்சிச் சமச்சீர் உள்ள இடத்திலெல்லாம் சமச்சீர் அச்சும் இருக்கவேண்டியதில்லை என்ற உண்மை இவ்விதம் பிரத்தியட்சமாகிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும் 1974இலேயே கோலங்களின் இலக்கணத்தைக் கணித ஆய்வுப் பொருளாக்கிவிட்டார்கள் என்பதை, கோலத்தைப் பெண்களின் பொழுதுபோக்கென்று ஒதுக்கும் நம் பெரியவர்களுக்கு இங்கே சொல்லிவைக்கிறேன்.

அடுத்து, ‘ட’ என்ற எழுத்தைத் தாளில் எழுதி, ஒன்றுக்கொன்று ஐந்து சென்ரிமீற்றர் தள்ளிய இரண்டு சமாந்தரக் கோடுகளில் அடுத்தடுத்துத் தெறிக்கச் செய்யட்டும். முதல் தெறிப்பில் தலைமாறிப்போன எழுத்து இரண்டாவதில் தன் பழைய முகத்தைப் பெற்று, பத்து சென்ரிமீற்றர் தள்ளி நிற்கும். கோடுகள் 45 பாகையில் ஒன்றையொன்று வெட்டினால், எழுத்து 90 பாகை சுழன்றிருக்கும். இரண்டு தெறிப்புகள் சேர்ந்தால் பெயர்ச்சியோ சுழற்சியோ பிறக்கும் என்ற இந்தப் பேருண்மையை ஆசிரியர் முந்திக்கொண்டு சொல்லிவிடாமல் இருப்பதற்கு, சொல்வதைவிட அதிகப் பொறுமை வேண்டும்! எந்த உருமாற்றத்தில் எது மாறாமல் நிற்கிறது என்ற கேள்வியையே கேத்திர கணிதத்தின் சாரமாக 1872இல் பீலிக்ஸ் கிளைன் வகுத்தார். அந்தக் கேள்வியைத்தான் இப்பிள்ளைகளும் ஊசிமுனையில் கேட்கிறார்கள்.

பாடத்தை முடிக்கவே நேரம் போதாதபோது விளையாட்டுக்கு எங்கே போவது என்ற ஆசிரியர்களின் முறைப்பாட்டை நான் அலட்சியம் செய்யவில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப் பயன் எட்டாமல், எழுபதுகளில் அரசு பொறுப்பேற்கத் தொடங்கும்வரை துரைமாரின் தயவில் கிடந்த தோட்டப் பள்ளிகளின் வழிவந்த பாடசாலைகளில், கணித ஆசிரியர் இல்லாத குறை இன்னும் தீர்ந்தபாடில்லை. ஆனால் மூன்று முறை சொல்லியும் விளங்காததை நான்காம் முறை சொல்வதில் கழியும் நேரத்தை எவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியின் விரிவுரையாளர்களுக்கும், ஹட்டன், நுவரெலியாக் கல்வி வலயங்களின் ஆசிரிய ஆலோசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: சமச்சீரும் உருமாற்றமும் வரும் தவணையில், புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இரண்டு பாடவேளைகளை இந்தச் செய்முறைக்கென ஒதுக்கிக் கொடுங்கள், அவ்வேளைகளில் அப்பியாசக் கொப்பி வெறுமையாய் இருந்ததற்காக எந்த ஆசிரியரிடமும் விளக்கம் கேளாதிருங்கள்.