புல்வெளி தரிசு நிலமல்ல

மலையில் மரம் பெருகினால் ஆற்றில் தண்ணீர் பெருகும் என்கிறார்கள். சென்னை நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிறவர்கள்கூட இதைச் சந்தேகிப்பதில்லை. நல்ல மனத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் நீலகிரியைப் பொறுத்தவரை தவறு. அந்தத் தவறு மயிலாப்பூரையும் அடையாறையும் தொடும். நீலகிரியின் பைக்காரா ஆறு மாயாறாகிப் பவானியில் சேர்கிறது, பவானி காவிரியில். அந்தக் காவிரித் தண்ணீர்தான் கொள்ளிடம், கீழணை, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், 2004 முதல் சுமார் 235 கி.மீ. குழாயில் சென்னைக்கு வருகிறது.

மேல் மலைகளின் புல்வெளி வெறும் தரிசு, மரம் நட்டால்தான் பயன் என்பது முதல் வாதம். தோடர்களின் எருமைகள் காலங்காலமாக மேய்ந்த நிலம் அது. ஆங்கிலேயர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) அதைத்தான் மூடின.

வேர்கள் பஞ்சுபோல நீரைப் பிடித்து வைக்கும் என்பது அடுத்த வாதம். பிடிக்கும்; குடிக்கவும் செய்யும். ஊட்டியிலுள்ள மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தினர் கிளென்மார்கனில் அருகருகே இரண்டு ஓடைப் பகுதிகளை அளந்தார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் 1972இல் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுதளிர் விட்ட சுற்றில் சுமார் 25 சதவீதம். எனக்குப் பெரிதாகப் படுவது வறண்ட மாதக் கணக்கு: ஒழுக்கு முதலில் பாதியானது, பிறகு கால் பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சியது. காரணம் எளிது. தை மாத உறைபனியில் புல் காய்ந்து நீர் குடிப்பதை நிறுத்திவிடும். கற்பூர மரம் இலை உதிர்க்காமல் அப்போதும் ஆழத்திலிருந்து உறிஞ்சும்.

மரம் மழையை இழுக்கும் என்பார்கள். நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமழை வருவது கடலிலிருந்து. அந்த ஈரக் காற்றை மலை மேலே தள்ளும்போது மழை பொழிகிறது.

பனிமலைகளில் காடுதானே நீரைக் காக்கிறது? பாதி உண்மை. நிழலில் பனி மெதுவாக உருகும். ஆனால் ஊசியிலைகளில் தங்கும் பனியில் ஒரு பகுதி தரை தொடாமலே ஆவியாகிவிடும். அமெரிக்காவின் கொலராடோவில் ஃபூல் கிரீக் காட்டை 1950களில் பட்டை பட்டையாக வெட்டியபோது ஓடையில் நீர் கூடியது.

அப்படியானால் எல்லாவற்றையும் வெட்டலாமா? கூடாது. பள்ளத்தாக்கு மடிப்புகளில் இருக்கும் சோலைகள் அந்த மண்ணின் காடு. அவற்றைத் தொடவே கூடாது. சீகையையும் ஒரே மூச்சில் வெட்டிவிட முடியாது. அதன் விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடக்கும். வெட்டிய இடத்தில் உடனே நாட்டுப் புல்லை நடாவிட்டால் சீகையே மீண்டும் அடர்ந்து முளைக்கும்.