சட்டைப்பையில் ஒரு மரக்கட்டை

பி.காம். படிக்கிறவனுக்கு சாஃப்ட்வேர் பற்றி என்னடா தெரியும் என்று கேட்கப் போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு பதில்: அதோடு மல்லுக்கட்டுவது நாங்கள்தானே :-)

போன வருடம் எங்கள் துறை விழாவுக்குப் பெயர் பதிய ஒரு ஆப் செய்தோம். கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பன் இரண்டு மாதம் ராத்திரி தூங்காமல் எழுதினான். விழாவுக்கு மூன்று நாள் முன்னால் வெளியிட்டோம். அப்புறம் என் போன் ஓயவே இல்லை. பெயரை டைப் செய்ய கீபோர்டு திறந்தால், "அடுத்து" பட்டன் அதற்கடியில் ஒளிந்துகொள்கிறது! கடைசியில் நோட்டுப் புத்தகத்தில்தான் பெயர் எழுதினோம். நண்பன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. தப்பு அவனுடையதில்லை. இரண்டு மாதத்தில் ஒரே ஒரு ஆளிடமாவது காட்டலாமே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

ஜெஃப் ஹாக்கின்ஸ் என்றொரு அமெரிக்கர். அவருடைய பாம் நிறுவனம் பங்கெடுத்து 1993-ல் வந்த 'ஜூமர்' என்ற கையடக்கக் கருவி படுதோல்வி. அடுத்ததற்கு மனிதர் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒரு மரக்கட்டையை அறுத்து எடுத்துக்கொண்டார். "அன்றைக்கு ஃப்ரீயா?" என்று யாராவது கேட்டால் கட்டையை வெளியே எடுத்து, குச்சியால் தட்டி, பார்ப்பது போல நடிப்பார். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! ஆனால் பையில் எது உட்காரும், எத்தனை தட்டில் தேதி வரவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அந்தக் கட்டையிலேயே தெரிந்துவிட்டது. 1996-ல் வந்த 'பைலட்' சக்கைப்போடு போட்டது.

காஸ்ட் அக்கவுண்டிங்கில் 'சங்க் காஸ்ட்' என்று படிக்கிறோமே, போன காசு போனதுதான், அதைப் பார்த்து முடிவெடுக்காதே என்று. பரீட்சையில் எழுதிவிடலாம். இரண்டு மாத ராத்தூக்கத்தைத் தொலைத்தவனிடம் போய் "இதைத் தூக்கிப் போடுடா" என்று சொல்லிப் பாருங்கள். மரக்கட்டை என்றால் யாருக்கும் மனசு வலிக்காது.

நிறைய பேர் வேண்டுமே என்று பயப்படவும் வேண்டாம். ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதிய கட்டுரையில், ஐந்து பேரிடம் சோதித்தாலே ஏறக்குறைய 85% குறைகள் தெரிந்துவிடும் என்கிறார். 15 பேர் கிடைத்தால் ஐந்தைந்தாக மூன்று முறை, நடுவில் திருத்தித் திருத்தி. ஆனால் "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நண்பர்கள் "சூப்பர் மச்சி" என்றுதான் சொல்வார்கள். கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் (எனக்கு இதுதான் கஷ்டம்).

இந்த வருட விழாவுக்கு ஆறு தாளில் பென்சிலால் வரைந்து, கேன்டீனில் ஒரு முதலாமாண்டு மாணவியிடம் கொடுத்தேன். மூன்றாவது தாளில் விரல் நின்றுவிட்டது. "அண்ணா, பேரைத் தப்பா அடிச்சிட்டா எப்படித் திரும்பிப் போறது?"

ரப்பரை எடுத்தேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை.