காசு தர்றேன்னாலும் விக்க மாட்டேங்கிறாங்க!

ஒரு பொருள் வேணும். கையில காசு இருக்கு. இப்பவே வாங்கத் தயார். ஆனா விக்க ஆள் இல்லை! இப்படி ஒரு வியாபாரத்தை நீங்க எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?

'தி சிம்ப்சன்ஸ்: ஹிட் அண்ட் ரன்' கேமைத்தான் சொல்றேன். 2003 செப்டம்பர்ல ப்ளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ், கேம்க்யூப்னு மூணு கன்சோல்லயும் இறங்கி, அந்த வருஷக் கடைசியில கம்ப்யூட்டருக்கும் வந்துச்சு. கனடாவுல வான்கூவர்ல இருந்த ராடிக்கல் என்டர்டெயின்மென்ட் உருவாக்குச்சு. விவெண்டி யுனிவர்சல் கேம்ஸ் வெளியிட்டுச்சு. லட்சக்கணக்குல வித்த கேம். இன்னிக்கு ஸ்டீம்ல தேடிப் பாருங்க. ப்ளேஸ்டேஷன் ஸ்டோர்ல, எக்ஸ்பாக்ஸ் ஸ்டோர்ல, நின்டென்டோ ஈஷாப்ல தேடிப் பாருங்க. எங்கேயும் இல்லை.

மோசமான கேமா இருந்தா மறந்துட்டுப் போயிடலாம். அந்தக் காலத்துல டிவி, சினிமா பேரை ஒட்டி வந்த கேம்கள் பெரும்பாலும் குப்பைதான். அட்டையில ஹீரோ படம், உள்ளே ஒண்ணுமே இருக்காது. இது அப்படி இல்லைங்க. சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் சீரியல்ல ஹோமருக்கும் பார்ட்டுக்கும் மார்ஜுக்கும் குரல் கொடுக்கிற அதே நடிகர்கள் கேமுக்கும் பேசியிருக்காங்க. சீரியலோட எழுத்தாளர்களே உட்கார்ந்து வசனம் எழுதியிருக்காங்க. 2001-ல வந்த 'ஜிடிஏ 3' ஒரு ஊரையே திறந்து விட்டு, எந்த வண்டியில வேணாலும் ஏறிக்கோ, எங்கே வேணாலும் போன்னு சொல்லுச்சு இல்லையா? அந்த சுதந்திரத்தை எடுத்து, ரத்தமும் துப்பாக்கியும் இல்லாம, குடும்பத்தோட உட்கார்ந்து ஆடுற மாதிரி பண்ணியிருந்தாங்க.

எவர்கிரீன் டெரஸ்ல ஹோமர் வீட்டு வாசல்ல அந்த பிங்க் செடான் நிக்கும். பக்கத்துலயே ஃப்ளாண்டர்ஸ் வீடு. வண்டியை எடுத்துட்டுக் கிளம்பினா க்விக்-ஈ-மார்ட், ஸ்கூல், அணு மின் நிலையம்னு சீரியல்ல பார்த்த இடம் ஒவ்வொண்ணா வரும். நடந்து போறவங்களை இடிச்சாலோ, கண்டதையும் உடைச்சாலோ ஒரு மீட்டர் ஏறிக்கிட்டே வரும். அது நிரம்புச்சுன்னா சைரன் சத்தம். போலீஸ் துரத்தும். மாட்டினா 50 காயின் அபராதம், அவ்வளவுதான். எழுந்து திரும்ப ஓட வேண்டியதுதான்.

ஏழாவது லெவல் ஞாபகம் இருக்கா? ஹாலோவீன் ராத்திரி. அணுக்கழிவு டிரம்மை வண்டியில ஏத்திக்கிட்டு, ஸ்கூலுக்கு மேலே நிக்கிற ஏலியன் கப்பல் வரைக்கும் ஓட்டணும். இங்கே டைம் ஓடுது, அங்கே டிரம் எங்கேயாவது இடிச்சா வெடிச்சிடும். வேகமாவும் போகணும், பட்டும் படாமலும் போகணும். விளையாடினவங்களுக்கு உள்ளங்கை வேர்த்தது இன்னும் மறந்திருக்காது. அதுக்குள்ள எவ்வளவு உழைப்பு பாருங்க! ரோடு எங்கே வளையணும், எந்த சந்துல புகுந்தா நேரம் மிச்சமாகும்னு யாரோ உட்கார்ந்து யோசிச்சு யோசிச்சுப் பண்ணின வேலை அது.

கதையும் லேசுப்பட்டது இல்லை. ஊர் முழுக்கக் குளவி மாதிரி பறக்கிற கேமராக்கள். ஜனங்க குடிக்கிற பஸ் கோலாவுல கலப்படம். பின்னாடி பார்த்தா காங், கோடோஸ்னு ரெண்டு ஏலியன்கள். சீரியல் நடக்கிற ஊரான ஸ்பிரிங்ஃபீல்டு ஜனங்களோட வாழ்க்கையையே ரியாலிட்டி ஷோவா ஒளிபரப்பிக்கிட்டு இருக்காங்க. மனுஷனைக் கண்காணிச்சுக் காசு பண்றதைப் பத்தி 2003-லயே சொல்லியிருக்காங்க! இன்னிக்கு நம்ம போன்ல நடக்கிறது வேற என்ன?

இதுல இந்தியக் கடைக்காரர் அப்புவுக்கும் ஒரு லெவல் இருக்கு. அப்பு பாத்திரத்தைப் பத்தி 2017-ல ஒரு ஆவணப்படம் வந்து பெரிய விவாதமே நடந்துச்சு. குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா 2020-ல, இனி அந்த வேஷத்துக்குப் பேச மாட்டேன்னு ஒதுங்கினார். நியாயமான விவாதம்தான். ஆனா திட்டணும்னாலும், கொண்டாடணும்னாலும், முதல்ல அந்தப் பொருள் நம்ம கையில இருக்கணும் இல்லையா?

சரி, ஏன் கிடைக்கலை? காகிதம்! எல்லாம் காகிதம்தான். கேமை வெளியிட்ட விவெண்டியோட கேம்ஸ் பிரிவு 2008-ல ஆக்டிவிஷனோட இணைஞ்சுச்சு. உருவாக்கின ராடிக்கல்ல 2012-ல கூட்டம் கூட்டமா ஆளை அனுப்பிட்டாங்க. 2023 அக்டோபர்ல ஆக்டிவிஷனையே மைக்ரோசாஃப்ட் வாங்கிடுச்சு. கிட்டத்தட்ட 6,900 கோடி டாலர். அந்தப் பக்கம் சிம்ப்சன்ஸ் சீரியல் ஃபாக்ஸ் கையில இருந்துச்சு. 2019-ல ஃபாக்ஸை டிஸ்னி வாங்கிடுச்சு. அது 7,100 கோடி டாலருக்கு மேலே. நடுவுல 2005-லயே சிம்ப்சன்ஸ் கேம் எடுக்கிற உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸுக்குப் போயிடுச்சு. ஹிட் அண்ட் ரன் ரெண்டாம் பாகத்துக்கு ஆரம்பிச்ச வேலையும் அப்படியே நின்னுபோச்சு.

பாகப்பிரிவினை முடியாம பூட்டிக் கிடக்கிற பூர்வீக வீட்டைப் பார்த்திருப்பீங்க. அங்கேயாவது அண்ணன் தம்பிக்குள்ள சண்டை இருக்கும், கேஸ் இருக்கும், என்னிக்காவது தீர்ப்பு வரும்னு நம்பிக்கை இருக்கும். இங்கே சண்டைகூட இல்லைங்க! ஆயிரக்கணக்கான கோடி டாலருக்குக் கம்பெனி வாங்குறவங்களுக்கு, அதுக்குள்ள இப்படி ஒரு கேம் கிடக்கிறது கண்ணுல படலை. ரெண்டு கம்பெனி வக்கீல்கள் உட்கார்ந்து ஒரு ஒப்பந்தம் போட்டா முடியுற விஷயம். யாருக்கு அக்கறை?

ரசிகர்களுக்கு இருக்கு. கேமை நோண்டி, புதுப்புது மிஷன், புது வண்டின்னு சேர்த்துக்கிட்டே இருக்காங்க. 2021-ல ஒரு ரசிகர் தனி ஆளா அன்ரியல் எஞ்சின் 5-ல இதைத் திரும்ப உருவாக்கி வீடியோ போட்டார். ஜனங்க வாயைப் பிளந்து பார்த்தாங்க. ஆனா கேமை வெளியிட முடியலை. வெளியிட்டா நோட்டீஸ் வரும். உரிமை வெச்சிருக்கிறவங்க செய்ய மாட்டாங்க, செய்யத் தெரிஞ்சவனுக்கு உரிமை கிடையாது. நல்ல நியாயம்!

நான் பழைய டிஸ்க் தேடினேன். ஆன்லைன்ல ஒரு ஆள் கண்ணு பிதுங்கற விலை சொன்னார். 'மின்ட் கண்டிஷன் சார்'னார். பிரிச்சுப் பார்த்தா டிஸ்க் முழுக்க வட்ட வட்டமா கீறல். ரிட்டர்ன் கிடையாதாம். இந்தக் காசுல ஒரு பைசாகூட கேமை உருவாக்கினவங்களுக்குப் போகாது, டிஸ்னிக்கும் போகாது, மைக்ரோசாஃப்ட்டுக்கும் போகாது. யாருக்கு என்ன லாபம், சொல்லுங்க?

அக்கா பையன் பக்கத்துல உட்கார்ந்து எல்லாத்தையும் பார்த்துட்டு இருந்தான். "மாமா, இதை எங்கே வாங்கறது?"ன்னான். "இப்ப விக்கிறதில்லைடா"ன்னேன். ஒரு நொடிகூட யோசிக்கலை. "அப்ப சும்மா டவுன்லோட் பண்ணிடலாமே மாமா!" எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நேர் வழியை இழுத்து மூடிட்டு, திருட்டு வழியை மட்டும் திறந்து வெச்சா பிள்ளைங்க எதைக் கத்துக்கும்?

சரி, புது கேமாவது வாங்கித் தரலாம்னு ஒண்ணை வாங்கினோம். டப்பாவைத் திறந்தா உள்ளே டிஸ்க்கே இல்லை, ஒரு டவுன்லோட் கோடு அச்சடிச்ச சீட்டு மட்டும். அக்கவுன்ட் ஆரம்பி. ஓடிபி போடு. பிறந்த தேதி சொல். டவுன்லோட். அதுக்கு மேலே அப்டேட். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆயிடுச்சு, பையன் சோபாவுலயே தூங்கிட்டான். ஒரு வழியா உள்ளே போனா முதல் ஸ்க்ரீன்லயே கடை! டிரஸ் வாங்கு, காயின் வாங்கு. முழு விலை கொடுத்துதானே வந்திருக்கோம்?

இவ்வளவு கொடுத்தும் அது நமக்குச் சொந்தமான்னு பார்த்தா, அதுவும் இல்லை. சிம்ப்சன்ஸ்லயே இன்னொரு கதை கேளுங்க. 'டாப்டு அவுட்'னு மொபைல் கேம், 2012-ல வந்தது. பன்னிரண்டு வருஷமா ஜனங்க ஆளாளுக்கு ஒரு ஸ்பிரிங்ஃபீல்டு கட்டினாங்க, காசு கொடுத்துக் கட்டினாங்க. 2025 ஜனவரி 24 அன்னிக்கு சர்வரை நிறுத்திட்டாங்க. கட்டின ஊர் பூரா போச்சு. யுபிசாஃப்ட்டோட 'தி க்ரூ' ரேஸ் கேமை 2024 மார்ச்ல நிறுத்தினப்போ, தனியா ஆடுறவங்களுக்கும் வண்டி கிளம்பலை. அதைப் பார்த்துக் கொதிச்சுத்தான் ஐரோப்பாவுல, கேமைக் கொல்லாதீங்கன்னு 10 லட்சம் பேருக்கு மேலே கையெழுத்து போட்டிருக்காங்க. கலிஃபோர்னியாவுல, நீங்க வாங்குறது வெறும் லைசென்ஸ்தான்னு வெளிப்படையா சொல்லியாகணும்னு 2025-லிருந்து சட்டமே அமலுக்கு வந்திருக்கு.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 2010-க்கு முன்னாடி அமெரிக்காவுல வந்த கேம்கள்ல 87 சதவீதம் இன்னிக்குக் கடையில இல்லை. 87! நூத்துல 87 புத்தகம் எங்கேயும் கிடைக்காதுன்னா சும்மா இருப்போமா? நூலகங்கள் கேட்டுச்சு: ஆராய்ச்சி பண்றவங்களுக்கு இந்தப் பழைய கேம்களைத் தூரத்துல இருந்து பார்க்க விடுங்கன்னு. 2024 அக்டோபர்ல அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் முடியாதுன்னுடுச்சு. கேம் கம்பெனிகளோட சங்கமும் அந்தக் கோரிக்கையை எதிர்த்துச்சு. விக்கவும் மாட்டாங்க, நூலகத்துக்கும் விட மாட்டாங்க. அப்ப என்னதான் பண்றது?

மனசு இருந்தா இவங்களால முடியும். 2024-ல டிஸ்னி, எபிக் கேம்ஸ்ல 150 கோடி டாலர் போட்டுச்சு. அடுத்த வருஷம் நவம்பர்ல ஃபோர்ட்நைட்டுக்குள்ளே ஸ்பிரிங்ஃபீல்டு முளைச்சுடுச்சு. சில வாரம் இருந்துச்சு, எடுத்துட்டாங்க. தற்காலிகக் கொட்டகை போட ஒப்பந்தம் கூடுது. நிலைச்சு நின்ன ஊரைத் திறக்க மட்டும் கூடாதா?

நாங்க இலவசமா கேட்கலை. புது கிராஃபிக்ஸ் கேட்கலை. ரீமேக்கூட வேண்டாம். 2003-ல வித்த அதே கேமை, இன்னிக்கு இருக்கிற மெஷின்ல ஓடுற மாதிரி ஒரு விலை போட்டு வையுங்க. டிஸ்னியும் மைக்ரோசாஃப்ட்டும் பாதிப் பாதி எடுத்துக்கட்டும், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. விக்க மனசில்லேன்னா நூலகங்களுக்காவது வழியை விடுங்க. விக்காத பொருளுக்குப் பூட்டு எதுக்குங்க?