கறை மறைஞ்சா அயோடின் குறையுதாமே!

மக்களே, ரொம்ப நாளா பொறுத்துப் பார்த்தாச்சு. இன்னிக்கு கொட்டிடறேன்.

"ராத்திரி கையில டிங்க்சர் அயோடினைப் பூசுங்க. 24 மணி நேரத்துக்குள்ள கறை மறைஞ்சா உடம்புல அயோடின் பத்தலை." இந்த மேட்டரை வாட்ஸப்புல அனுப்பாத சொந்தக்காரர் யாராவது இருக்காங்களா?

யோவ், அயோடின் சாதாரண வெப்பத்துலயே ஆவியாகிற சமாச்சாரம்யா! ஸ்கூல்ல பதங்கமாதல்னு படிச்சோமே? பூசினதுல கொஞ்சம் காத்துல போகுது, கொஞ்சம் தோல்ல நிறமில்லாத அயோடைடா மாறுது. எவ்வளவு கெட்டியா பூசினோம், எவ்வளவு வேர்த்துச்சுங்கறதைப் பொறுத்து நேரம் மாறும். கறை மறையறதை வெச்சு தைராய்டுக்கு ஜாதகம் கணிக்க முடியாது. யாருக்கு ஓட்டினாலும் 'ஃபெயில்' காட்டற டெஸ்ட் கேஸை நாம என்ன பண்ணுவோம்? தூக்கிக் கடாசுவோம்ல?

இதைவிட காஸ்ட்லியா இன்னொண்ணு இருக்கு. 50 மில்லிகிராம் அயோடினை முழுங்கிட்டு 24 மணி நேர சிறுநீரைப் பிடிச்சுக் கொடுக்கணும். 90 சதவீதம் வெளிய வரலைன்னா பற்றாக்குறையாம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையே 150 மைக்ரோகிராம்தான். இது 333 மடங்கு! அத்தனையும் ஒரே நாள்ல வெளிய வரணும்னு உடம்பு என்ன பத்திரமா எழுதிக் கொடுத்திருக்கு?

சரி, உருப்படியான டெஸ்ட் எது? தனி ஆளுக்கு சுலபமா ஒண்ணும் கிடையாது. ஒரு தடவை எடுக்கற சிறுநீர் நேத்து என்ன சாப்பிட்டீங்கன்னுதான் சொல்லும். அதனாலதான் உலக சுகாதார நிறுவனம் அதை ஊருக்கே சேர்த்துப் பார்க்கச் சொல்லுது. பள்ளிக் குழந்தைகளோட இடைநிலை அளவு லிட்டருக்கு 100லேர்ந்து 199 மைக்ரோகிராம் இருந்தா அந்த ஊருக்குப் போதும்னு அர்த்தம். டி.எஸ்.எச். டெஸ்ட் தைராய்டு எப்படி வேலை செய்யுதுன்னு காட்டும், அயோடின் அளவை இல்லை.

கறைதானே, போனா போகுதுன்னு விட முடியலை. அடுத்த மெசேஜ்லயே லூகோல் கரைசல் சொட்டு சொட்டா வந்துடுது. அயோடின் எக்கச்சக்கமா போனா தைராய்டு ஹார்மோன் உற்பத்தியையே நிறுத்தும்னு உல்ஃபும் சைக்காஃபும் எலிகள்ல 1948லயே காட்டிட்டாங்க. ஹாஷிமோட்டோ இருக்கறவங்களுக்கு நிலைமை இன்னும் மோசமாகலாம். எங்க டீம்ல கர்ப்பமா இருந்த ஒருத்தங்க, இந்தக் கறையை நம்பி டாக்டர் கொடுத்த தைராய்டு மாத்திரையை நிறுத்தப் போனாங்க. பிள்ளையோட மூளை வளர்ச்சி சார் அது, விளையாட்டா?

உச்சகட்ட காமெடி என்னன்னா, இதே ஆளுங்கதான் "அயோடின் உப்பு விஷம், இந்துப்புக்கு மாறுங்க"ன்னும் அனுப்பறாங்க! கழலையை ஒழிக்க 1962லேர்ந்து அரசாங்கம் மல்லுக்கட்டுது. கடை உப்புல குறைஞ்சது 15 பிபிஎம் அயோடின் இருக்கணும்னு சட்டமே இருக்கு. அதாவது 10 கிராம் உப்புல 150 மைக்ரோகிராம். பால், முட்டை, மீன்ல கிடைக்கறது தனி. சமையலறையில இருக்கற மருந்தைத் தூக்கிப் போட்டுட்டு கையில பெயின்ட் அடிக்கறதுக்குப் பேர் என்னய்யா?

சந்தேகம்னா டாக்டர்கிட்ட போங்க. அந்த மெசேஜை மட்டும் அடுத்தவனுக்குத் தள்ளாதீங்க.

டிஸ்கி: கறை நல்லதுங்கறதெல்லாம் விளம்பரத்தோட இருக்கட்டும் :-)