ஒரே ஒரு ஷாட்தான்... அமெரிக்க மான் வேட்டையில் 'மஸில்லோடர்' துப்பாக்கியை எப்படி தயார் செய்கிறார்கள்?

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு 'மஸில்லோடர் சீசன்' தனியாக உண்டு. பென்சில்வேனியாவில் இது 1974-ல் தொடங்கியது.

மஸில்லோடர்னா என்ன?
குழலின் வாய் வழியாகவே வெடிமருந்தும் குண்டும் நிரப்பும் பழைய பாணி துப்பாக்கி. ஒருமுறை சுட்டால், மறுபடி முதலில் இருந்து நிரப்பணும். அதற்குள் மான் ஓடிவிடும்.

எப்படி தயார் செய்வார்கள்?
முதலில் குழலில் உள்ள எண்ணெயைத் துடைப்பார்கள். எண்ணெய் கலந்தால் மருந்து பற்றாமல் போகலாம். பிறகு மருந்தை அளந்து கொட்டி, குண்டை அதன்மேல் படியும்வரை கம்பியால் தள்ளுவார்கள். அந்த ஆழத்தைக் கம்பியில் கோடு போட்டு வைப்பார்கள்.

கோடு எதுக்கு?
அடுத்த முறை கோடு வெளியே தள்ளி நின்றால், குண்டு முழுசா இறங்கவில்லை அல்லது இரண்டு முறை நிரப்பியாச்சு என்று அர்த்தம். அப்படியே சுட்டால் குழலே வெடிக்கலாம். கரிமருந்துக்கான துப்பாக்கியில் நவீன புகையில்லா மருந்தைப் போட்டாலும் இதே ஆபத்துதான்.