ஆடுவதும் ஆக்குவதும்

தாராவியின் குறுகிய சந்துகளிலும், மாதுங்காவின் பழைய மாடி வீடுகளிலும், செம்பூரின் குடியிருப்புகளிலும் இன்று தாய்மார்கள் ஒருமித்துக் கூறும் குறை ஒன்று உண்டு. “பிள்ளை கைப்பேசியைக் கீழே வைப்பதே இல்லை, எந்நேரமும் விளையாட்டுத்தான்” என்பதே அக்குறை. குழந்தையைக் கண்டிக்குமுன், அக்கருவியின் குலமுறையையும், கணிப்பொறி விளையாட்டுகளில் தலைசிறந்த ஒன்றன் வரலாற்றையும் நாம் அறிந்துகொள்வது நலம். அவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு; நாம் தவறவிட்ட ஒரு வாய்ப்பும் உண்டு.

1981ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகார்ன் என்னும் நிறுவனம் ‘பி.பி.சி. மைக்ரோ’ என்ற சிறு கணிப்பொறியை வெளியிட்டது. பொதுமக்களுக்குக் கணிப்பொறியைக் கற்பிக்க அந்நாட்டு ஒலிபரப்புக் கழகம் 1982இல் தொடங்கிய தொலைக்காட்சிப் பாடங்களுக்குத் துணையாக அமைந்த கருவி அது. விசையை அழுத்தியவுடன் திரையில் படமோ பாட்டோ தோன்றாது. “கட்டளை இடுக” என்று காத்திருப்பது போல ஒரு சிறு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். கருவியை வாங்கியவர் அதற்கான கட்டளைத் தொடரை, அதாவது நிரலை, தாமே எழுதத் தொடங்கலாம்.

அவ்வாறு எழுதியோரில் டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் கேம்பிரிட்ஜ் மாணவர் இருவர் இருந்தனர். 1984 செப்டம்பரில் அவர்கள் படைத்த ‘எலைட்’ என்னும் விளையாட்டு வெளிவந்தபோது ஒருவருக்கு வயது இருபது, மற்றவருக்கு இருபத்தொன்று.

அதற்கு முந்தைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை கடைகளில் காசு போட்டு ஆடும் பொறிகளின் வழி வந்தவை. ஆடுபவர் விரைவில் தோற்றால்தான் கடைக்காரருக்கு அடுத்த காசு விழும். ஆகவே மூன்று உயிர், ஏறிக்கொண்டே போகும் மதிப்பெண், பத்து நிமிடத்தில் முடிவு என்பதே வழக்கமாயிற்று. இருவரும் முதலில் அணுகிய ஒரு பெரிய நிறுவனம் இவ்விலக்கணம் இல்லையென்று கூறி எலைட்டை மறுத்துவிட்டது. பின்னர் ஏகார்னின் வெளியீட்டுக் கிளையே அதனை ஏற்றது.

எலைட் ஒரு வணிக விளையாட்டு. ஆடுபவரிடம் ஒரு விண்கலமும், 100 நாணயமும், 20 டன் சரக்கு ஏற்றும் இடமுமே உண்டு. உழவுத் தொழில் மிகுந்த உலகில் உணவுப்பொருள் மலிவு. ஆலைகள் மிகுந்த உலகில் இயந்திரம் மலிவு. ஓரிடத்தில் வாங்கி மற்றோரிடத்தில் விற்று, வழியில் கொள்ளையரைச் சமாளித்து, கலத்தைச் சிறிது சிறிதாகச் செப்பனிட வேண்டும். கள்ளச் சரக்கு ஏற்றினால் ஊதியம் மிகுதி. ஆனால் காவலர் துரத்துவர். நேர்வழியோ குறுக்குவழியோ, தெரிவு ஆடுபவருடையது. கைமுதல் சிறிதாகப் புறப்பட்டுவந்து இந்நகரில் தோலும் துணியும் விற்று முன்னேறிய குடும்பங்களுக்கு இக்கணக்கை எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. அக்கணிப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட்; ஆங்கிலத் தட்டச்சில் பதினைந்து பதினாறு பக்கங்களே அதில் அடங்கும். அதற்குள் 8 அண்டங்களும், அண்டத்துக்கு 256 வீதம் 2,048 உலகங்களும், ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், ஆட்சிமுறை, தொழில், மக்கள்தொகை ஆகியனவும் அடங்கியது எவ்வாறு?

அவர்கள் அவ்விவரங்களைச் சேமித்து வைக்கவில்லை; அவற்றைப் பிறப்பிக்கும் விதியை மட்டும் வைத்தனர். மூன்று எண்களைக் கூட்டினால் நான்காவது எண் வரும். முதலாவதை நீக்கி மீண்டும் கூட்டினால் அடுத்தது வரும். அவ்வெண்களின் இலக்கங்களே பெயராகவும் தொழிலாகவும் மாறும். தொடக்க எண்கள் மாறாதவரை அதே உலகங்கள் அதே வரிசையில் தோன்றிக்கொண்டே இருக்கும். நம் பாட்டிமார் வாசலில் இடும் பெரிய புள்ளிக் கோலத்தை முழுப்படமாகவா மனத்தில் வைத்திருக்கின்றனர்? வளைந்து செல்லும் முறையை மட்டுமே வைத்திருக்கின்றனர். வாசல் விரிந்தால் கோலமும் விரிகிறது.

2,048 என்னும் எண் நம் நகருக்குப் புதியதன்று. இங்குள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் அவர்களின் தலைமையில் உருவாகி 1960இல் இயங்கத் தொடங்கிய ‘டிஃப்ராக்’ என்னும் கணிப்பொறியின் நினைவகம் 2,048 சொற்களைக் கொண்டது. குறைந்த கருவியைக்கொண்டு நிறைந்த செயல் ஆற்றுவது நம்மவருக்கும் கைவந்த கலையே.

எலைட் வேறு பல கணிப்பொறிகளுக்கும் பரவியது. 1993இல் பிரேபன் இதன் இரண்டாம் பாகத்தையும், 1995இல் மூன்றாம் பாகத்தையும் கொணர்ந்தார். 2014இல் வெளிவந்த ‘எலைட் டேஞ்சரஸ்’ என்னும் நான்காம் பாகத்தில் சுமார் 40,000 கோடி விண்மீன் குடும்பங்கள் உள்ளன. அங்கும் பெரும்பகுதி விதியினால் விளைந்ததே.

இனி நம் பங்கைக் காண்போம். எலைட் வெளிவந்த அதே 1984-85ஆம் கல்வியாண்டில் நடுவணரசு ‘கிளாஸ்’ என்ற கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைப் பள்ளிகளில் தொடங்கியது. முதற்கட்டமாகச் சுமார் 250 பள்ளிகளுக்குச் சென்றவை இதே பி.பி.சி. மைக்ரோ கருவிகளே. பின்னர் மொகாலியிலிருந்த அரசு நிறுவனம் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் அவற்றை இந்நாட்டிலேயே ஆக்கியது. கருவி ஒன்றே; பயன் ஒன்றாகவில்லை. ஒரு பள்ளிக்கு வந்தவை சில கருவிகள், மாணவரோ நூற்றுக்கணக்கினர். கணிப்பொறியை அறிமுகம் செய்வதே முதல் நோக்கமாயிற்று. நிரல் ஆக்கப் பயிற்றுதல் பின்னுக்குச் சென்றது. ஆங்கில மாணவர் வீட்டில் இரவெல்லாம் முயன்று, பிழைத்துத் திருந்திக் கற்றனர். நம் மாணவர் தம் முறை வரும்வரை காத்து நின்றனர். காத்து நின்று எவரும் கலை கற்றதில்லை.

இன்று நிலைமை வேறு. 1985இல் ஏகார்ன் நிறுவனத்தில் சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் வகுத்த ‘ஆர்ம்’ என்னும் செயலியின் வழிவந்தவையே இன்றைய கைப்பேசிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் மூளையாக உள்ளன. தாராவிக் குழந்தையின் கையில் இருப்பது அந்தப் பள்ளிக் கருவியின் பேரப்பிள்ளை. ஆனால் அது “கட்டளை இடுக” என்று காத்திருப்பதில்லை; “ஆடுக” என்று அழைக்கிறது. முன்பு கடைப்பொறி நம் காசை நாடியது. இன்றைய விளையாட்டு, காசோடு நம் பொழுதையும் நாடுகிறது.

இம்மாற்றத்தைக் கண்டு வருந்தியோருள் எலைட்டை ஆக்கிய பிரேபனும் ஒருவர். கேம்பிரிட்ஜுக்குக் கணிப்பொறியியல் பயில வரும் மாணவருக்கே நிரலெழுதிய பழக்கம் குறைந்துவருவதைக் கண்ட அறிஞர் சிலருடன் அவரும் சேர்ந்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 2012இல் அது 35 டாலர் விலையில் வெளியிட்ட ‘ராஸ்பெரி பை’ என்னும் உள்ளங்கை அளவுக் கணிப்பொறி குழந்தைகள் கற்பதற்கென்றே ஆக்கப்பட்டது.

“நிரல் எழுத ஆங்கிலப் புலமை வேண்டாவா? தமிழ்வழிப் பயிலும் எம் பிள்ளைக்கு இது ஆகுமா?” என்று சிலர் ஐயுறலாம். பைதான் என்னும் நிரல் மொழியின் அடிப்படைச் சொற்கள் ஏறக்குறைய 35 மட்டுமே. ஊர்விட்டு வந்த சில திங்களில் இந்தியும் மராத்தியும் பேசக் கற்ற நம் மக்களுக்கு முப்பத்தைந்து சொற்கள் ஒரு சுமையாகுமா?

ஆதலின், அன்பர்களே, விளையாட்டைப் பகையாகக் கருத வேண்டா. “இந்த ஆட்டத்தில் ஒன்றை மாற்றலாமென்றால் எதை மாற்றுவாய்?” என்று உங்கள் மகனையும், மறவாமல் மகளையும், இன்றிரவே கேட்டுப் பாருங்கள். விடை தரும் குழந்தை ஆக்கத்தின் வாயிலில் கால் வைத்துவிட்டது. கணிப்பொறித் தொழிலில் உள்ள நம் இளைஞர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அக்குழந்தைகளை அருகில் அமர்த்தி முதல் நிரலை எழுதச் செய்தல் வேண்டும். 1984இல் பள்ளிவாயில் வரை வந்து நின்றுவிட்ட கல்வி, இம்முறையேனும் நம் வீட்டிற்குள் நுழையட்டும்.